எட்டாவது ஆள்

மே மாதம் என்றால் எனக்குப் பெரியகுளம்தான். உத்தமபாளையத்தில் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு அம்மா என்னை தேனிக்கு பஸ் ஏற்றி, அங்கே இன்னொரு பஸ் மாற்றி, தென்கரையில் தாய்மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். மாம்பழ சீசன். கும்பக்கரை அருவியில் தண்ணி விழுந்தால் குளியல். இதெல்லாம் பகலுக்கு. ராத்திரி ஆனால் கூடைப்பந்து.

வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கு என்றால் திராட்சை, முல்லைப்பெரியாறு, பென்னி குயிக், விடியற்காலையில் குமுளிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள், இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். விளையாட்டு என்றால் கபடி என்று நினைப்பார்கள். ஆனால் பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது தடவைக்கும் மேல் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தியிருக்கிறது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், ராணுவம், கடற்படை, விமானப்படை என்று நாட்டின் பெரிய அணிகள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து மின்னொளியில் ஆடிவிட்டுப் போகும். வராக நதியின் இந்தக் கரை தென்கரை, அந்தக் கரை வடகரை. இரண்டு கரை ஆட்களும் ஒரே கேலரியில் உட்கார்ந்திருப்பது அந்தச் சில நாட்கள்தான் என்று மாமா சொல்வார்.

மாமா ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் எத்தனை பாயிண்ட் என்று எழுதி வைப்பார். பாயிண்ட் மட்டும்தான். ரீபவுண்ட், பாஸ் எதுவும் அதில் கிடையாது. "ரிங்குக்குள்ள போனதுதாம்ப்பா கணக்கு. மத்ததெல்லாம் கதை."

அந்த நோட்டில் அதிகம் வந்த பெயர் வடகரை அண்ணன் ஒருவருடையது. பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. உள்ளூர் அணிக்கு ஆடுவார். ஆறடி ஓரங்குலம் இருப்பார், கூடைப்பந்துக்கு அது ஒன்றும் பெரிய உயரம் இல்லை. ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் கேலரியே எழுந்து நிற்கும். வெளியூர் அணியிடம் எங்கள் ஆட்கள் இருபது பாயிண்டில் தோற்பார்கள். அதில் அண்ணன் மட்டும் இருபத்தெட்டு, முப்பது என்று அடித்திருப்பார். தோற்ற பிறகும் அவரைத் தோளில் தூக்குவோம். ஊருக்கே அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதுமா என்று யாரும் கேட்டதில்லை.

2002-இல் அண்ணனுக்கு சென்னையில் வேலை கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா. அடுத்த வருஷம் மே மாதம் அவருடைய ஆபீஸ் அணி பெரியகுளம் வந்தது. ஆட்டம் எங்கள் அணியோடு. எனக்கு அப்போது பதிமூன்று வயசு.

அண்ணன் வேறு கலர் ஜெர்சியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதி முழுக்க எழுந்திருக்கவே இல்லை. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெளியே வருகிற ஆட்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்க ஊர் ராசா இன்னொருத்தனுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கிறார்! கேலரியில் முதலில் சிரிப்புதான் எழுந்தது. கடைசி ஐந்து நிமிஷம் இறக்கினார்கள். ஆட்டம் நெருக்கமாக இருந்தது. எங்கள் ஆட்கள் அன்றைக்கு என்ன சாப்பிட்டு வந்தார்களோ, நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைக்குப் பந்து வந்தது. நாங்கள் பார்த்துப் பழகிய அதே இடம், வலது மூலை. "அடிறா" என்று கேலரி கத்தியது, அவர் இப்போது யாருக்கு ஆடுகிறார் என்பதையே மறந்து. அவர் அடிக்கவில்லை. பாஸ் கொடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி பாஸ்.

அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. யார் யாரோ என்னென்னவோ கத்தினார்கள். நானும் கத்தினேன். பெரியவர்களிடம் கேட்டுப் பொறுக்கிய வசனம்தான். "கூலிக்கு மாரடிக்க வந்துட்டான்டோய்!" என் குரல் அப்போது உடைந்துகொண்டிருந்த சமயம், கீச்சென்று எல்லாச் சத்தத்துக்கும் மேலே போய் நின்றது. எனக்கு இரண்டு வரிசை கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணனின் அப்பா.

மாமா நோட்டில் அன்றைக்கு அண்ணன் பெயருக்கு நேரே சைபர் போட்டார்.

இது எனக்கு மறந்தே போயிருந்தது. ஞாபகப்படுத்தியது 2016, கெவின் டூரண்ட்.

அப்போது பெங்களூரில் இருந்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து நமக்கு விடியற்காலை. அங்கே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மே மாதத்தில் காலை ஆறரை. பல் விளக்காமல் லேப்டாப் முன்னால் உட்காருவேன். ஓக்லஹோமா சிட்டி தண்டர் என் அணி. காரணம் எளிது, சின்ன ஊர். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளில் அந்த ஊருக்கென்று இருக்கிற ஒரே அணி அது. டூரண்ட் அவர்களுடைய ஆள். 2014-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியபோது மேடையில் அம்மாவைப் பார்த்து, உண்மையில் இந்த விருது உனக்குத்தான் என்று சொல்லி அழுதவர். அந்த வீடியோவை என் அம்மாவுக்குக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2016 மேற்குப் பிரிவு இறுதியில் எதிரி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 73 ஜெயித்திருந்த அணி, அதுவரை யாரும் அத்தனை ஜெயித்ததில்லை. ஏழு ஆட்டத் தொடர். தண்டர் 3-1 என்று முன்னிலை. இன்னும் ஒன்று போதும். ஐந்தாவது போனது. ஆறாவது ஆட்டம் ஓக்லஹோமாவில், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது எட்டு பாயிண்ட் முன்னால் இருந்தார்கள். அன்றைக்கு கிளே தாம்சன் என்கிற மனிதன் தூரத்திலிருந்து பதினொரு த்ரீ பாயிண்டர் போட்டான். டூரண்ட் 31 தடவை எறிந்து பத்துதான் விழுந்தது. அவர் மோசமாக ஆடிய நாள் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது. அணி முழுக்க ஒரே ஆளின் தோளில் ஏறிக்கொண்டால் அந்தத் தோள் எப்படி இறங்கும் என்பதை அன்றைக்குப் பார்க்க முடிந்தது. ஏழாவதும் போனது.

வாரியர்ஸ் அடுத்து இறுதிப் போட்டியில் அதே மாதிரி 3-1 முன்னிலையிலிருந்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் தோற்றது தனிக்கதை. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 2010 ஜூலையில், கிளீவ்லாந்தை விட்டு மயாமி போகிறேன் என்று லெப்ரான் நேரலை டிவியில் உட்கார்ந்து அறிவித்ததும், சொந்த ஊர்க்காரர்கள் அவர் ஜெர்சியைத் தெருவில் போட்டுக் கொளுத்தியதும் தெரிந்திருக்கும். மயாமியில் இரண்டு பட்டம் வாங்கிக்கொண்டு 2014-இல் திரும்பி வந்தவரை அதே ஊர் மாலை போட்டு வரவேற்றது.

2016 ஜூலை 4 இரவு, ஆபீஸ் கேப் பயணத்தில் செய்தி பார்த்தேன். டூரண்ட் வாரியர்ஸுக்குப் போகிறார். எந்த அணியிடம் தோற்றாரோ அந்த அணிக்கே. ஸ்டெஃபன் கறி, தாம்சன், டிரேமண்ட் கிரீன் என்று ஏற்கெனவே நிரம்பி வழிகிற வீட்டுக்கு. எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகபயணியிடம், யாரென்றே தெரியாது, "பாத்தீங்களா பாஸ், கோழை" என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றி "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றார். அந்த நிமிஷம்தான் பெரியகுளம் கேலரியும், இரண்டு வரிசை கீழே திரும்பிய முகமும் ஞாபகத்துக்கு வந்தன.

அந்தக் கோபத்தைப் பிறகு பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் நியாயம் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். விளையாட்டின் ருசியே நிச்சயமின்மைதான். மிக வலுவான அணியில் மிக வலுவான ஆள் சேர்ந்தால் மீதி இருபத்தொன்பது அணிகளின் ரசிகனும் டிக்கெட் வாங்குவதில் என்ன அர்த்தம்? அப்படியேதான் நடந்தது. 2017 பிளேஆஃபில் வாரியர்ஸ் பதினேழு ஆட்டத்தில் ஒன்றுதான் தோற்றது. 2017, 2018 இரண்டிலும் பட்டம், இரண்டிலும் இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் டூரண்ட்.

ஆனால் விசுவாசம் என்று ஒரு சொல்லைத் தூக்கினார்களே, அங்கேதான் எனக்கு இடித்தது. டூரண்ட் 2007-இல் சியாட்டில் அணிக்குத் தேர்வானவர். அடுத்த வருஷமே அந்த அணியை முதலாளிகள் அப்படியே பெயர்த்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது வருஷம் அந்த அணியைக் கொண்டாடிய சியாட்டில்காரன் வாயடைத்து நின்றான். அப்படி வந்த அணியைக் கொண்டாடிய ஊர், அதிலிருந்து ஒரு வீரன் போனதும் துரோகம் என்றது. முதலாளி இடம் மாறினால் தொழில், ஆட்டக்காரன் மாறினால் துரோகம். 2017 பிப்ரவரியில் அவர் எதிரணியாக அங்கே ஆடப் போனபோது பந்து கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அரங்கமே ஊளையிட்டது. கப்கேக் படம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இனிப்பு மேலே, உள்ளே ஒன்றுமில்லை, மெத்து என்று கேலி. அதைப் பார்த்தபோது எனக்கு அரங்கத்தில் இருந்த சின்னப் பசங்களின் வாயைத்தான் பார்க்கத் தோன்றியது.

வாரியர்ஸில் அவர் எறிந்த பந்துகள் குறைந்தன. ஓக்லஹோமாவின் கடைசி சீசனில் ஆட்டத்துக்குப் பத்தொன்பது, இங்கே முதல் சீசனில் பதினாறு பதினேழு. சராசரி 28-இலிருந்து 25-ஆக இறங்கியது. மாமாவின் நோட்டில் அது நஷ்டம். ஆனால் அதே 2017 கோடையில் தனக்கு வரவேண்டிய சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடி டாலரை அவர் குறைத்துக்கொண்டார், பெஞ்சிலிருந்து வரும் இகுவடாலா, லிவிங்ஸ்டன் மாதிரி ஆட்களை அணி இழக்காமல் இருக்க. இதில் யாருமே கவனிக்காத இன்னொரு ஆள் கறி. முந்தைய இரண்டு வருஷமும் லீக்கின் சிறந்த வீரர். இரண்டாவது தடவை ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் வாங்கியவர். டூரண்டை அழைக்க நேரில் போன குழுவில் அவரும் இருந்தார். வீட்டுக்கு வந்தவனுக்குத் தன் இலையில் இருந்ததை எடுத்து வைத்தார். புகழைவிட வெற்றி பெரிது என்று முடிவெடுத்தவர்கள் பட்டியலில் போகிறவன் பெயர்தான் வரும். இடம் விட்டவன் பெயர் வராது.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கதை உண்டு. வாசிம் ஜாஃபர். மும்பைக்காக எட்டு ரஞ்சிக் கோப்பை ஜெயித்தவர், 2015-இல் விதர்பாவுக்குப் போனார். ரஞ்சியில் ஒருமுறைகூட ஜெயிக்காத அணி. அவர் போன சீசனிலேயே மும்பை மறுபடி கோப்பையை வாங்கிவிட்டது, கொடுமை. 2016-17 சீசன் காயத்தால் ஆட முடியவில்லை. விதர்பா அந்தப் பணத்தைக் கொடுத்தது, அதனால் அடுத்த சீசன் சம்பளம் வாங்காமலே ஆடினார். 2017-18, 2018-19 இரண்டும் விதர்பாவுக்குக் கோப்பை. இரண்டாவதில் நாற்பது வயசு ஜாஃபர் ஆயிரம் ரன் தாண்டினார். அவரை யாரும் கூலி என்று சொல்லவில்லை. பலமான இடத்திலிருந்து பலமில்லாத இடத்துக்குப் போனால் அது தியாகம். ஆனால் எட்டுக் கோப்பை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவருக்கு அந்த நடை கொஞ்சம் சுலபம் என்று எனக்குப் படுகிறது. ஒன்றுகூட இல்லாதவன் எங்கே போவான்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்கு முன்னால் மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஒன்பது பேர். அங்கே நான்தான் எல்லாம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்து, எரிச்சலோடு பேசி, சரிசெய்வேன். உண்மையைச் சொன்னால் அந்த போன் வரும்போது உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. சர்வர் படுக்காமல் இருப்பதற்கான வேலையை நான் செய்யவில்லை. படுத்தால்தானே என்னைத் தேடுவார்கள். பெங்களூரில் நாற்பது பேரில் ஒருவன். நான் எழுதிய நாலு வரியை மூன்று பேர் படித்துக் கேள்வி கேட்டார்கள். முதல் ஆறு மாசம் அவமானமாக இருந்தது. அங்கே எதுவும் படுக்கவில்லை. யாரும் என்னை ராத்திரி எழுப்பவில்லை. தூக்கம் வராமல் நானாகவே முழித்திருந்தேன்.

2023 மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாமா இப்போது இல்லை. நோட்டுகளை அத்தை பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் பரணில் வைத்திருக்கிறார். போட்டி நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, முட்டி போய்விட்டது, லேசாக விந்தி நடக்கிறார். அதே ஆபீஸில் இப்போது அதிகாரி. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். மாமா பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்தது. "அட, கணக்கு நோட்டு வீட்டுப் பையனா நீ!"

சுற்றிவளைத்துத்தான் கேட்டேன். வேலைக்காகத்தானே அண்ணே போனீங்க?

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. அப்படியே நெனச்சிக்கட்டும்னு விட்டுட்டேன். எங்கப்பாகூட வெளியில அதத்தான் சொல்வாரு. வேலைக்குன்னா ஊருல மன்னிச்சிருவாய்ங்கல்ல." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு எடத்துல கூப்ட்டாக தம்பி. ரெண்டும் வேலைதான், சம்பளம்கூட ஒண்ணுதான். ஒரு டீம்ல நாந்தான் மெயின். வந்தன்னைக்கே ஜெர்சி, முப்பத்தஞ்சு நிமிசம் ஆடலாம், ஆனா டீம் குவார்ட்டர் தாண்டாது. இன்னொண்ணுல எட்டாவது ஆள். கோச்சு மொத நாளே சொல்லிட்டாரு, நீ இங்க ஷூட் பண்ண வரலன்னு."

"அப்புறம் ஏன் அங்க?"

"தோத்துத் தோத்துப் பாத்தாச்சுல்ல. இங்க என்னையத் தோள்ல தூக்குவீங்க. எறக்கி விட்டதும் வீட்டுக்கு நடந்துதான் போகணும். ஆத்துப்பாலத்துல நிப்பேன். எதுக்குடா தூக்குனாய்ங்கன்னு இருக்கும். ஜெயிச்சா எப்பிடி இருக்கும்னு ஒருக்கா தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

தெரிந்ததா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "ஜெயிச்சோம். நெறைய ஜெயிச்சோம். மொதக் கப்பு வாங்குன அன்னைக்கு ரூம்ல எல்லாம் ஆடுறாய்ங்க. நான் ரெண்டு நிமிசந்தான் எறங்கியிருந்தேன். இதுல ஏம்பங்கு எம்புட்டுன்னு யோசிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். அது கடைசி வரைக்கும் தெரியல பாத்துக்க. அந்த டீம்ல நான் இல்லாட்டியும் ஜெயிச்சிருப்பாய்ங்கதான்."

டூரண்ட் பற்றிச் சொன்னேன். அவர் அந்த ஆட்டங்கள் எல்லாம் பார்த்திருக்கிறார். 2019 இறுதிப் போட்டியில் கெண்டைக்கால் காயத்தோடு இறங்கி, குதிகால் நரம்பு அறுந்து டூரண்ட் உட்கார்ந்ததைச் சொல்லும்போது தன் முட்டியைத் தடவிக்கொண்டார். அதோடு வாரியர்ஸையும் விட்டு புரூக்ளின், பீனிக்ஸ் என்று போய்விட்டார் டூரண்ட். மூன்றாவது பட்டம் வரவில்லை. "ரெண்டு கப்பு ஜெயிச்சும் அந்த ஊருக்காரய்ங்க அவன நம்மாளுன்னு சொல்லலைல்ல. அது கறியோட வீடு தம்பி." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. (அடுத்து ஹூஸ்டன் போனார். 2025-இல் ஓக்லஹோமா, அவர் இல்லாமலே, பட்டம் வாங்கியது. அன்றைக்கு அண்ணனுக்குத்தான் முதலில் மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.)

கடைசியில் 2003 ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு கேலரியில் கத்தியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அவர் முந்திக்கொண்டார்.

"அந்த மேட்ச்சா! கடைசி ரெண்டு நிமிசத்துல ஒரு ஸ்கிரீன் போட்டேன் பாத்தியா? நம்ம டீம்ல அந்த நெட்டப் பய இருந்தான்ல, அவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்குத்தான் தெரியும். கரெக்டா அங்கிட்டுப் போயி நின்னேன். எங்க ஷூட்டர் சும்மா காத்து வாங்கிட்டுப் போட்டான். மேட்ச் அதுலதான் முடிஞ்சுச்சு. பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. அந்த நேரம் நான் கத்திக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல், "அப்பா வந்திருந்தாருல்லண்ணே அன்னைக்கு?" என்றேன்.

"ம். அதுக்கப்புறம் அவரு கேலரிப் பக்கம் வரல. வயசாயிருச்சு, படி ஏற முடியலன்னாரு." கிளாஸைக் கழுவி வைத்தார். அவரே கழுவினார், டீக்கடைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல்.

உள்ளே விசில் அடித்தது. கேலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வங்கி அணிக்கும் ராணுவத்துக்கும் ஆட்டம். "அந்த ஏழாம் நம்பர் பையனப் பாரு. பந்தைப் பாக்காத, அவனை மட்டும் பாரு" என்றார். பார்த்தேன். அவன் ஓடினான், நின்றான், ஒருவன் மேல் மோதி வழியை மறித்தான், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி ஓடினான், மறுபடி மறித்தான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். அப்போது யாரோ தூரத்திலிருந்து பந்தை எறிந்தார்கள். கேலரி எழுந்தது. நானும் எழுந்தேன், வெளிச்சத்தில் ரிங்கை நோக்கிப் போகிற பந்தைப் பார்த்துக்கொண்டு.